இரும்புத் தளமா, மரத் தளமா? இரண்டாம் உலகப் போரின் விமானம் தாங்கிக் கப்பல்கள்

1945 மே 4. ஒகினாவா போருக்குத் துணையாகச் சகிஷிமா தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்த பிரிட்டனின் 'ஃபார்மிடபிள்' கப்பல் மீது ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று வந்து மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஓடுதளத்தில் விழுந்த பள்ளத்தைச் சிமென்டும் இரும்புத் தகடும் போட்டு அடைத்து, அன்று மாலைக்குள் விமானங்களை மறுபடி இறக்கத் தொடங்கிவிட்டார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து அமெரிக்காவின் 'பங்கர் ஹில்' மீது அதே போல் இரண்டு விமானங்கள் மோதின. ஏறக்குறைய 400 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பல் பிறகு போருக்குத் திரும்பவே இல்லை.

பிரிட்டிஷ் கப்பலின் ஓடுதளம் 3 அங்குலக் கவச எஃகு. அமெரிக்கக் கப்பலின் ஓடுதளம் மெல்லிய எஃகின் மேல் பரப்பிய மரப்பலகை. இந்த இரண்டு நாட்களை மட்டும் அருகருகே வைத்தால், கவசம்தான் சரி என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. இரண்டு கப்பல்களும் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்று தேடிப் படித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

பிரிட்டன் ஏன் கவசம் போட்டது?

ஃபார்மிடபிள் சேர்ந்த 'இல்லஸ்ட்ரியஸ்' வகைக் கப்பல்கள் 1936-ல் திட்டமிடப்பட்டவை. அட்மிரல் ரெஜினால்ட் ஹெண்டர்சன் பிடிவாதமாக நின்று கொண்டுவந்த திட்டம் அது. அப்போது கப்பல்களில் ரேடார் கிடையாது. எதிரி விமானம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு போர்விமானத்தைக் கிளப்பி மேலே அனுப்ப நேரம் இருக்காது. அதனால் தாக்குதல் வரும்போது விமானங்களைக் கீழே இறக்கி, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, அடியைத் தாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். நிலத்திலிருந்து பறந்துவரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு எட்டும் தூரத்திலேயே மத்திய தரைக்கடலிலும் வட கடலிலும் சுற்றவேண்டிய கடற்படைக்கு அது நியாயமான கணக்குதான்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. போர்க்கப்பல்களின் அளவைக் கட்டுப்படுத்திய பன்னாட்டு உடன்படிக்கை அனுமதித்த எடை 23,000 டன். கனமான கவசத்தை உச்சியில் வைத்தால் கப்பல் நிலைதடுமாறும். உயரத்தைக் குறைத்தாக வேண்டும். முந்தைய 'ஆர்க் ராயல்' கப்பலில், ஓடுதளத்துக்குக் கீழே விமானங்களை வைக்கும் கொட்டகை இரண்டு அடுக்காக இருந்தது. இல்லஸ்ட்ரியஸுக்கு ஓர் அடுக்குதான் கிடைத்தது. அது சுமக்கும்படி திட்டமிட்ட விமானங்கள் 36 மட்டுமே. கொட்டகையின் உயரம் 16 அடி. பின்னாளில் கோர்சேர் விமானங்கள் வந்தபோது, மடித்த இறக்கை கூரையில் இடிக்காமல் இருக்க அதன் நுனியில் 8 அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கணக்கு வேறு

பங்கர் ஹில் சேர்ந்த 'எசெக்ஸ்' வகையில் கவசம் ஓடுதளத்தில் இல்லை. கீழே, கொட்டகையின் தரையில் இருந்தது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் இலேசான கட்டுமானம். கொட்டகையின் பக்கங்களை உருளைக் கதவுகளால் திறந்துவிடலாம். அதனால் கீழேயே எஞ்சினைச் சூடேற்ற முடிந்தது, எரிபொருள் ஆவி காற்றோடு போனது. பெரும்பாலான விமானங்கள் ஓடுதளத்திலேயே நிறுத்தப்பட்டன. மொத்தம் 90 முதல் 100 விமானங்கள். பசிபிக் போன்ற விரிந்த கடலில், முந்திக்கொண்டு அடிப்பவனே பிழைப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. ரேடார் வந்ததும் அந்த நம்பிக்கைக்கு வலு கூடியது. தூரத்திலேயே எதிரியைக் கண்டுகொண்டு, வானத்தில் நிற்கும் போர்விமானங்களை அங்கே திருப்பிவிட முடிந்தது.

24 எசெக்ஸ் கப்பல்கள் கட்டப்பட்டன. போரில் ஒன்றுகூட மூழ்கவில்லை. கவசத் தளக் கப்பலே சிறந்தது என்று வாதாடுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மால்டா அருகே, 1941 ஜனவரி 10

கவசம் தன் பெயரை நிலைநாட்டிய நாளாக இதைத்தான் காட்டுவார்கள். இரண்டு மாதம் முன்புதான் இல்லஸ்ட்ரியஸிலிருந்து கிளம்பிய 21 சுவார்ட்ஃபிஷ் விமானங்கள் டாரன்டோ துறைமுகத்தில் இத்தாலியக் கடற்படையை முடக்கியிருந்தன. அதற்குப் பழிதீர்க்க வந்ததுபோல ஜெர்மனியின் ஸ்டூகா விமானங்கள், உயரத்திலிருந்து பாய்ந்து குண்டு போடுபவை, இறங்கின. கவசம் 500 பவுண்டு குண்டைத் தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள்; அன்று விழுந்தவற்றில் 500 கிலோ குண்டுகளும் இருந்தன. அதாவது இரு மடங்குக்கும் மேல். ஆறு குண்டுகளுக்குக் குறையாமல் தாக்கின. கவசமில்லாத பின்பக்க லிஃப்ட் சிதைந்தது, கொட்டகை தீப்பற்றியது. இருந்தும் கப்பல் மூழ்காமல் மால்டா போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அலெக்சாண்டிரியா, பிறகு அமெரிக்காவில் மாதக்கணக்கில் பழுதுபார்ப்பு. மரத் தளக் கப்பலாக இருந்தால் அன்று தப்பியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். ஸ்டூகாக்கள் வந்தபோது அவற்றை மறித்திருக்கவேண்டிய ஃபுல்மர் போர்விமானங்கள், இத்தாலியின் டார்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டு தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தன. மேலே அனுப்ப வேறு விமானங்கள் போதவில்லை. கவசத்துக்காக விமானங்களைக் குறைத்தார்கள்; விமானங்கள் குறைந்ததால் கவசம் தேவைப்பட்டது. அமெரிக்கக் கப்பலின் எண்ணிக்கையில் போர்விமானங்கள் இருந்திருந்தால் அந்த ஸ்டூகாக்களில் எத்தனை கப்பலை நெருங்கியிருக்கும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கவசத்தைப் புகழ்வது எனக்குப் பாதிக் கணக்காகவே படுகிறது.

கப்பல்களைக் கொன்றது பெட்ரோல்

இன்னொன்றும் உண்டு. ஜப்பானும் கவச ஓடுதளத்தோடு 'தைஹோ' என்ற கப்பலைக் கட்டியது. 1944 மார்ச்சில் படையில் சேர்ந்தது. ஜூன் 19-ல் அமெரிக்க நீர்மூழ்கி 'ஆல்பகோர்' செலுத்திய ஒரே ஒரு டார்பிடோ பட்டது. கசிந்த பெட்ரோலின் ஆவி மூடிய கப்பலுக்குள் பரவி, சில மணி நேரம் கழித்து வெடித்தது, தைஹோ மூழ்கியது. கவசத் தளத்தால் எந்தப் பயனும் இல்லை. அமெரிக்காவின் பழைய 'லெக்சிங்டன்' 1942 மே 8-ல் பவளக் கடலில் இதே விதமாகத்தான் போனது. அதிலிருந்து பாடம் கற்றார்கள்: தாக்குதல் நெருங்கும்போது எரிபொருள் குழாய்களைக் காலிசெய்து கரியமில வாயுவை நிரப்பும் வழக்கம் வந்தது. என் பார்வையில், தளம் மரமா இரும்பா என்பதைவிட அதிக உயிர்களைக் காத்தது இந்தச் சின்ன வேலைதான்.

பங்கர் ஹில்லில் அத்தனை பேர் இறந்ததற்கும், அதே ஆண்டு மார்ச் 19-ல் 'ஃபிராங்க்ளின்' கப்பலில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கும் மரப்பலகை மட்டும் காரணமில்லை. எரிபொருளும் வெடிபொருளும் நிரப்பிய விமானங்கள் வரிசையாக நின்றிருந்தன. கவசக் கப்பலும் இதற்கு விலக்கல்ல. மே 18 அன்று ஃபார்மிடபிளின் கொட்டகைக்குள் ஒரு கோர்சேரின் துப்பாக்கி தவறுதலாகச் சுட்டதில் தீ பிடித்து, சுமார் 30 விமானங்கள் வீணாயின. தற்கொலை விமானத்தால் இழந்ததைவிட அதிகம்.

ஆகவே, 1941-ன் மத்திய தரைக்கடலுக்கு என்றால் இல்லஸ்ட்ரியஸ். மற்ற எந்தக் கடலுக்கும், எந்த ஆண்டுக்கும் எசெக்ஸ். போருக்குப் பிறகு நடந்ததும் இதையே காட்டுகிறது. கவசத் தளம் கப்பலின் முதுகெலும்போடு பின்னிப்பிணைந்தது. அதைப் பிரித்து ஜெட் விமானங்களுக்கு ஏற்ப மாற்றுவது பெரும்பாடு. இல்லஸ்ட்ரியஸ் வகையில் 'விக்டோரியஸ்' ஒன்றை மட்டும் மாற்றிக் கட்ட 1950-ல் தொடங்கி 1958 வரை ஆனது. ஃபார்மிடபிள் 1953-ல் உடைக்கப்பட்டது. எசெக்ஸ் கப்பல்களோ கொரியா, வியட்நாம் போர்கள் வரை ஓடின. அமெரிக்கரும் பின்னர் 'மிட்வே' வகையில் கவசத் தளத்துக்கு வந்தார்கள். ஆனால் அது 45,000 டன் கப்பல். கவசத்துக்காக விமானங்களைக் குறைக்கவேண்டிய நெருக்கடி அதற்கு இல்லை.

மூன்றாவதாக ஒன்று

இந்தச் சண்டையில் யாரும் பெயர் சொல்லாத ஒரு தேர்வும் இருந்தது. 1942-ல் பிரிட்டன், கவசமே இல்லாத இலகுரகக் கப்பல்களைத் திட்டமிட்டது. வணிகக் கப்பல் கட்டும் முறையில், போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத பட்டறைகளிலும் விரைவாகக் கட்டவேண்டும். மூன்று ஆண்டோ, போர் முடியும்வரையோ உழைத்தால் போதும் என்பது கட்டளை. அந்த வரிசையில் 1943-ல் தொடங்கப்பட்ட 'ஹெர்குலிஸ்', போர் முடிந்ததும் பாதியில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1957-ல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்து, 1961 மார்ச்சில் 'விக்ராந்த்' என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தது. 1971 டிசம்பரில் ஒரு கொதிகலன் விரிசல் விட்ட நிலையில், முழு வேகம் எடுக்க முடியாமலே வங்கக்கடலில் நின்று, காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்க சீஹாக் விமானங்களை அனுப்பியது அந்தக் கப்பல்தான். அது ஓய்வுபெற்றது 1997 ஜனவரியில்.