எல்ஆர்ஆர்கே2: மருந்துக்கு நல்ல இலக்கு, நோய்க்கு அரைகுறைச் சாட்சி

ஏதாவது ஒரு கைனேஸ் நொதி (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) கொஞ்சம் பேசப்பட்டால் போதும், "மருந்து இலக்காகவும் பயோமார்க்கராகவும் (நோயையோ மருந்தின் வேலையையோ அளந்து காட்டும் அடையாளமாகவும்) பயன்படும்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். நாள்பட்ட மைலாய்டு லுகீமியா என்ற இரத்தப் புற்றுநோயில் இரண்டும் ஒன்றாகவே அமைந்தன. பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்பு நொதிதான் நோய்க்குக் காரணம். அதைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்துக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க அளப்பதும் அதே மரபணுவின் ஆர்என்ஏவைத்தான். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய எல்ஆர்ஆர்கே2 என்ற கைனேஸ் இந்த வரிசையில் வருமா என்பதுதான் கேள்வி. என் கணிப்பில், இலக்கு என்ற வகையில் வரும். பயோமார்க்கர் என்ற வகையில் பாதிதான்.

முதலில் இலக்கு. எல்ஆர்ஆர்கே2 மரபணுவுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு 2004-ல் உறுதியானது. இதிலிருந்து உருவாவது 2,527 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அதிகம் காணப்படும் ஜி2019எஸ் என்ற மரபணு மாற்றம் கைனேஸ் பகுதியிலேயே விழுந்து, நொதியின் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. மருந்து தேடுபவருக்கு இதைவிட வசதியான நிலைமை அமைவது கடினம். செயலிழந்த புரதத்தை மீட்பதைவிட, மிகையாக ஓடுவதை மட்டுப்படுத்துவது எளிது. மட்டுப்படுத்தினால் உடம்பு தாங்குமா என்பதற்கும் இயற்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்த மனிதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு அதனால் குறிப்பிட்ட நோய் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, எப்படிக் குறைப்பது? இங்கே இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

ஒன்று, கைனேஸைத் தடுக்கும் மாத்திரை. டெனாலியும் பயோஜெனும் சேர்ந்து உருவாக்கும் பிஐஐபி122 அப்படிப்பட்டது. வாயால் விழுங்கலாம், மூளைக்குள் நுழையும், வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் உடம்பு முழுக்கப் பரவும். நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் எல்ஆர்ஆர்கே2 நிறையவே இருக்கிறது. இப்படிப்பட்ட தடுப்பான்களைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது நுரையீரல் செல்கள் சிலவற்றுக்குள் கொழுப்பு நிறைந்த நுண்பைகள் சேர்ந்து வீங்கியதை 2015-ல் பதிவு செய்தார்கள். மருந்தை நிறுத்தினால் அது சரியாகிவிடுகிறது, மூச்சும் பாதிக்கப்படவில்லை என்று பின்னால் தெரிந்தது. அந்தச் செய்தி வரும்வரை இந்தத் துறையே கொஞ்சம் தயங்கி நின்றது.

இன்னொன்று, ஆன்டிசென்ஸ் மருந்து. இது நொதியைத் தடுப்பதில்லை. புரதம் உருவாவதையே குறைக்கிறது. தண்டுவட நீரில் ஊசி வழியாகச் செலுத்துவதால் நுரையீரல் பெருமளவு தப்பிக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்குத் திரும்பத் திரும்ப முதுகில் ஊசி போட்டுக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? நோய் முற்றிய பிறகு வேறு கதை. ஆரம்ப நிலையிலேயே தொடங்க வேண்டிய சிகிச்சை என்றால் என் ஓட்டு மாத்திரைக்குத்தான்.

அப்புறம் பயோமார்க்கர். இங்கேதான் சிக்கல் மிகுதி. மூன்று போட்டியாளர்களைச் சொல்லலாம்.

முதலாவது, எல்ஆர்ஆர்கே2 புரதத்தின் எஸ்935 என்ற இடத்தில் இருக்கும் பாஸ்பேட். அது தடுப்பான் மருந்து கொடுத்ததும் மளமளவென்று குறையும். இரத்தத்தில் அளக்கலாம். மருந்து நொதியைத் தொட்டதா, எவ்வளவு மாத்திரை போதும் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இந்தப் பாஸ்பேட்டை எல்ஆர்ஆர்கே2 தனக்குத்தானே ஒட்டிக்கொள்வதில்லை. வேறு கைனேஸ்கள் ஒட்டுகின்றன. எனவே நொதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை இது நேராகச் சொல்லாது.

அதற்கு இரண்டாவதான ராப்10 என்ற புரதம் பொருத்தம். எல்ஆர்ஆர்கே2 நேரடியாகப் பாஸ்பேட் ஒட்டும் புரதங்களில் அதுவும் ஒன்று என்று 2016-ல் தெரியவந்தது. இரத்தத்தின் நியூட்ரோபில் அணுக்களில் இரண்டும் தாராளமாக இருப்பதால் அளப்பதும் வசதி. ஆர்1441ஜி என்ற இன்னொரு எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ளவர்களிடம் பாஸ்பேட் ஒட்டிய ராப்10 அளவு தெளிவாகவே கூடித் தெரிகிறது. ஆனால் மிகப் பொதுவான ஜி2019எஸ் உள்ளவர்களிடம் அந்த ஏற்றம் மங்கலானது. மாற்றம் இல்லாதவர்களின் அளவோடு கலந்துவிடுகிறது. அதிகம் பேருக்குத் தேவைப்படும் இடத்திலேயே சறுக்குகிறது என்றால் அதை நோய்காட்டி என்று எப்படிக் கொண்டாடுவது?

மூன்றாவது, சிறுநீரில் வெளியேறும் பிஎம்பி என்ற கொழுப்பு. செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோமோடு தொடர்புடையது. ஜி2019எஸ் உள்ளவர்களிடம் கூடியிருக்கும், தடுப்பான் கொடுத்தால் குறையும். ஊசியே தேவையில்லை. ஆனால் மாற்றம் உள்ள ஒருவருக்கு நோய் வந்துவிட்டதா இல்லையா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை, எண்பது வயதானாலும்கூட.

இந்த மூன்றும் மருந்தைப் பின்தொடரும் கருவிகள். நோயைக் காட்ட வேறு ஒன்று இருக்கிறது: தண்டுவட நீரில் ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதம் திரள்கிறதா என்று பார்க்கும் விதைப் பெருக்கச் சோதனை. 2023-ல் வெளியான பிபிஎம்ஐ என்ற பார்க்கின்சன் ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதத்தினருக்கு இது பாசிட்டிவ். எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ள நோயாளிகளை மட்டும் எடுத்தால் சுமார் 67 சதவீதம்தான். இந்த மாற்றம் உள்ள சிலரின் மூளையில் லூயி பொருட்களே (ஆல்பா-சைனுக்ளின் திரள்கள்) இல்லாததை முன்பே பிரேதப் பரிசோதனைகளில் பார்த்திருந்ததால் இது முழு ஆச்சரியம் அல்ல. ஆனாலும் சங்கடமான செய்தி.

பிஐஐபி122 மாத்திரையை வைத்து, எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ளவர்களை மட்டுமே சேர்த்துத் தொடங்கிய லைட்ஹவுஸ் என்ற மூன்றாம் கட்டச் சோதனை 2023-ல் கைவிடப்பட்டது. பாதுகாப்புக் கோளாறு காரணம் அல்ல. முடிக்க ஆகும் காலம்தான் காரணம். அதனால் கவனம், அதே மாத்திரையை மாற்றம் இல்லாத நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கும் லூமா சோதனைக்குப் போனது. அதன் முதன்மை அளவுகோல் எஸ்935ம் அல்ல, ராப்10ம் அல்ல. அன்றாட வேலைகளையும் உடல் அசைவுகளையும் மதிப்பிடும் அளவுகோலில் நிலை மோசமாக எவ்வளவு காலம் ஆகிறது என்பதையே பார்க்கிறார்கள். இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தது என்று எங்காவது செய்தி வந்தால், மருந்து நொதியைச் சென்றடைந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.