கால அட்டவணை: ஏப்ரலிலா, ஜூனிலா?

அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து இரண்டு விதமாகவும் அட்டவணை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆண்டுத் தேர்வு நடக்கும்போதே, ஏப்ரலிலேயே, அடுத்த ஆண்டு அட்டவணையை முடித்துவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி.

ஜூன் வரை காத்திருப்பவர்கள் சொல்லும் காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஆசிரியர்கள் வேறு பள்ளிக்கு மாறும் மாறுதல் கலந்தாய்வில் யார் போவார், யார் வருவார் தெரியாது, ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேருவார்கள் என்பதும் தெரியாது. நியாயம்தான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைப் பார்த்துவிட்டு அந்த வகுப்பை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. ஒரு வருடத் தேர்ச்சியை வைத்து ஆசிரியரை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பள்ளி திறந்த வாரத்தில் தலைமையாசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? பாடநூல், நோட்டு, சீருடை, பஸ் பாஸ், எமிஸ் (மாணவர் விவர இணையதளம்) பதிவு, மாற்றுச் சான்றிதழோடு வராந்தாவில் நிற்கும் பெற்றோர். இதற்கு நடுவில் போடுகிற தற்காலிக அட்டவணை, யார் சும்மா இருக்கிறாரோ அவர் அந்த வகுப்புக்குப் போங்கள் என்கிற அளவில்தான் இருக்கும். பிள்ளைகள் புதுப் புத்தகத்தோடு ஆசையாக உட்கார்ந்திருக்கும் நாட்கள் அப்படியே வீணாகின்றன.

முடிவைத் தீர்மானிப்பது என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்: ஓர் ஆசிரியர் போனால் அட்டவணையில் எவ்வளவு கலைக்க வேண்டும்? ஆளை வைத்துப் போட்டால் மொத்தமும் கலையும். அதனால் நான் பணியிடத்தை வைத்துப் போடுகிறேன். ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, வாரம் 7 கணிதப் பாடவேளை என்றால் மொத்தம் 35. அது 'கணிதப் பட்டதாரி ஆசிரியர்' என்ற வரிசையில் ஏறிவிடும். கலந்தாய்வில் அவர் மாறிப் போனால் வருபவரின் பெயரை எழுதினால் போதும், மற்ற நான்கு பாடங்களைத் தொட வேண்டியதில்லை. இடம் காலியாகவே இருந்து, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வந்தாலும் (2022-இல் 13,331 இடங்களை இப்படி நிரப்பத்தானே அரசு உத்தரவிட்டது) வந்த அன்றே அவர் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்பது தயாராக இருக்கும்.

அப்புறம், ஜூன் முடிந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்பதும் சரியில்லை. ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு; உபரி என்று வந்தால் பணிநிரவலில் ஒருவர் ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்குப் போவார். காத்திருந்து போட்டவரும் அப்போது மறுபடி போடத்தான் வேண்டும்.

ஏப்ரலில் போடுவதில் இன்னொரு லாபம், ஒன்பதாம் வகுப்பு தனக்குத்தான் என்று தெரிந்த ஆசிரியர் விடுமுறைக்குப் போகும்போதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார். ஆறாம் வகுப்பை மட்டும் நான் பென்சிலில் எழுதி வைப்பேன், சேர்க்கை கூடிப் பிரிவு பிரிந்தால் மாற்ற வேண்டுமே.

மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்ததில்லை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகுதான், எந்தப் பாடப்பிரிவில் எத்தனை பேர் என்பதும் அப்போதுதான் தெரியும் என்பதால் அங்கே ஜூன்தான் வசதியாக இருக்கலாம். அங்கும் ஆறு முதல் பத்து வரையாவது ஏப்ரலில் முடித்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.