பத்து அறை உருட்டு முட்டைப்பெட்டி: விடைக்கோழி ஏறுமா?

ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஐந்து அறை என்று வரும் முட்டைப்பெட்டியை இப்போது நாட்டுக்கோழிப் பண்ணைகளிலும் பார்க்க முடிகிறது. இட்ட முட்டை சரிவில் உருண்டு, தடுப்புக்கு அப்பால் உள்ள தட்டில் போய் நிற்கும். கோழி மிதிக்காது, கொத்தாது, எச்சமும் படாது. விற்பவர் சொல்லும் இந்த மூன்றும் உண்மைதான். ஆனால் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே விடைக்கோழிகள், அதாவது முதல் முட்டைக்குத் தயாராகும் இளங்கோழிகள், தாமாக ஏறிவிடும் என்று நம்பினால், கூளத்தில் மூலைமூலையாகக் குனிந்து முட்டை பொறுக்க வேண்டிவரும்.

முதலில் அளவு. அறை 12 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், 14 அங்குல உயரம் இருந்தால் சிறுவிடை, கடக்நாத், கிராமப்பிரியா ஆகிய ரகங்களுக்குப் போதும். உடல் பெரிய பெருவிடை ரகத்துக்கு அகலம் 14 அங்குலமாவது வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே திரும்ப முடியாமல் வெளியே வந்துவிடும். ஓர் அறைக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து கோழி. அதாவது பத்து அறைப் பெட்டி 40 முதல் 50 கோழிக்கு. அதற்கு மேல் விட்டால் ஒரே அறைக்குள் இரண்டு நுழைந்து நெருக்கி, பொறுமையிழந்தது தரையில் இட்டுவிடும்.

பெட்டியின் உயிர் சரிவில் இருக்கிறது. ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அங்குலம் இறங்கினால் சரி. குறைந்தால் முட்டை பாதியில் நின்று கொத்துப்படும். கூடினால் வேகமாக வந்து மோதி விரிசல் விடும். கால் வழுக்குவதால் கோழிக்கும் அறை பிடிக்காமல் போகும். வாங்கும் இடத்திலேயே ஒரு முட்டையை உருட்டிப் பாருங்கள். மண் தரையில் நிறுத்தும்போது நான்கு காலுக்கும் செங்கல் கொடுத்து, நீளவாக்கில் ரசமட்டம் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் தட்டில் முட்டைகள் ஒரு முனைக்கு ஓடி ஒன்றோடொன்று மோதும்.

இந்த வகைப் பெட்டியின் பெரிய குறை அதன் கால்களுக்கு நடுவில் இருக்கிறது. கீழ் அடுக்கு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும். அதற்கடியில் இருட்டான, ஆள் புழங்காத, கூளம் நிறைந்த இடம். முதல் முட்டைக்கு இடம் தேடுகிற கோழிக்கு இதைவிட நல்ல அறை கிடையாது! பெட்டியோடு அடைப்புத் தகடு தருவதில்லை என்றால், முதல் நாளே கோழிவலை அடித்து மூடிவிடுங்கள்.

இரண்டாவது குறை வெயில். தகரக் கூரைக்கு அடியில் தகடுப் பெட்டி என்றால் கத்திரி வெயிலில் மேல் அடுக்கு அடுப்பாகிவிடும். கோழி மூச்சிரைத்து இறங்கி, நிழலான தரையில் இடும். பின்தகட்டில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நான்கு அங்குல இடைவெளி விட்டு தென்னங்கீற்று வேய்ந்தால் சூடு நன்றாகக் குறையும். கீற்றைச் சரிவாகப் போடுவது நல்லது, மட்டமாக இருந்தால் இரவில் அதன்மேல் போய் அடையும்.

இனி பழக்குவது. நாட்டுக்கோழி முட்டைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, சுமார் 20 வாரத்தில், பெட்டி கொட்டகைக்குள் இருக்க வேண்டும். முட்டைக் கோழி ரகங்களுக்கு 16 வாரம். கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்கார்ந்து, இடுப்பெலும்புகளுக்கு நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் நாள் நெருங்கிவிட்டது. குஞ்சுப் பருவத்தில் ஏறி உட்காரக் கம்பு பார்க்காத கோழிக்குத் தாவவே தெரியாது. ஐந்தாறு வாரத்திலேயே தாழ்வான கம்பு கட்டியிருந்தால் மேல் அடுக்குவரை தானாக ஏறும்.

வெறும் ரப்பர் விரிப்பில் விடைக்கோழி உட்காரத் தயங்கும், ஏனென்றால் காலால் கிளறிக் குழி பறிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே முதல் இரண்டு வாரம் உருளும் வழியை ஒரு மரச்சட்டத்தால் அடைத்து, விரிப்பின்மேல் இரண்டு அங்குலம் வைக்கோல் போட்டு, அறைக்கு ஒரு பொய் முட்டை வையுங்கள். மரமுட்டை நல்லது. பிங்பாங் பந்து லேசாக இருப்பதால் கோழி எத்தித் தள்ளிவிடும். நிஜ முட்டை வைத்தால் சூட்டில் அழுகி வெடிக்கும். தரைக்கூளம் இந்த நாட்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தரை மெத்தென்று இருந்தால் பெட்டி எதற்கு? பாதிக்கு மேல் கோழிகள் ஏறத் தொடங்கியதும் சட்டத்தை எடுத்துவிட்டு வைக்கோலைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கலாம். ஒரே நாளில் அள்ளினால் பழையபடி தரைக்குப் போகும்.

பெரும்பாலான முட்டைகள் காலையில், வெளிச்சம் வந்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் விழும். அந்த நேரத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை கொட்டகைக்குள் ஒரு சுற்று வாருங்கள். தரையில் கிடக்கும் ஒரு முட்டை அடுத்த கோழியை அங்கே கூப்பிடும், உடனே எடுத்துவிடுங்கள். மூலையில் கிளறி உட்காரும் கோழியை விரட்டாமல் தூக்கி அறைக்குள் விட வேண்டும். விரட்டினால் அது வேறு மறைவு தேடும். மூலைகளில் செங்கல் அடுக்கியோ பலகை சாய்த்தோ இருட்டை ஒழியுங்கள். முட்டையிடும் உச்ச நேரத்தில் தீவனம் கொட்டாதீர்கள், அறைக்குள் இருப்பது பாதியில் இறங்கி ஓடிவரும்.

இந்தப் பெட்டியில் மெச்ச வேண்டியது, அறை வாசலில் கோழி ஏறி நிற்க வைத்திருக்கும் மடக்குக் கம்பு. மாலை மடக்கினால் அறை வாசல் அடைபடும். உள்ளே அடைந்து எச்சமிடாது. அடையும் கம்புகள் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். கோழி அடைந்து இருட்டிய பிறகு கம்பை மறுபடி இறக்கி வைத்துவிடலாம். விடிந்தபின் திறப்பவர்களுக்குத் தரைமுட்டை தீராது.

செள்ளு விஷயத்தில் தகடு மரத்தை வென்றுவிடுகிறது. மடிப்புகளில் ஒளியும் சிவப்புச் செள்ளை, விரிப்பைக் கழற்றிவிட்டு ஊதுவிளக்கால் சுடலாம். மரப்பெட்டியில் அது நடக்காது. விரிப்பு இரண்டு செட் இருந்தால் வாரம் ஒன்றைக் கழுவி வெயிலில் காயப்போடலாம். தட்டு மூடியின் கொக்கி மட்டும் மெலிந்தது. காகத்துக்குத் தாங்கும், கீரி வரும் இடமென்றால் தாழ்ப்பாள் மாற்றுங்கள்.

முட்டை கண்ணிலிருந்து மறைவதால் அடைக்கு உட்காரும் வேகமும் குறையும். முட்டை விற்பவருக்கு அது லாபம். பொரிப்பானில் வைப்பவருக்கும் கழுவ வேண்டாத சுத்த முட்டை கிடைக்கும். தாய்க்கோழியை வைத்தே குஞ்சு பொரிப்பவருக்கு இந்தப் பெட்டி வீண். பத்துக் கோழிக்குக் குறைவாக வளர்ப்பவர்களும் வாங்க வேண்டியதில்லை. வாயகன்ற மண்சட்டியில் சாம்பலும் மணலும் இட்டு வைக்கோல் பரப்பியது, அல்லது பக்கவாட்டில் சாய்த்து சாக்கு தொங்கவிட்ட பழக்கூடை, இரண்டு மூன்று போதும். முப்பது கோழிக்கு மேல் இருந்தால் வாங்கலாம். விலை பேசும்போது உதிரி விரிப்பும் அடியை மூடும் அடைப்புத் தகடும் சேர்த்தே கேளுங்கள்.