சாமியா, ஃபாதரா?

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் வாசலில் வயதான அம்மா ஒருவர், எதிரே வந்த குருவானவரைப் பார்த்துக் கைகூப்பி, “தோத்திரம் சாமி, நல்லா இருக்கீங்களா?” என்றார். பின்னால் வந்த அவருடைய பேரன் “குட் மார்னிங் ஃபாதர்” என்றான். கத்தோலிக்கப் பாதிரியாரை அழைக்க இரண்டுமே சரிதான்.

ஆனாலும் எனக்குச் ‘சாமி’தான் பிடிக்கும். அதில் பாசமும் மரியாதையும் ஒன்றாக இருக்கின்றன, நம் ஊர் ‘ங்க’வும் அதோடு ஒட்டிக்கொள்ளும்: “சாமி, ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க.” ஒரே சிக்கல், கொங்கு நாட்டில் கடவுளும் சாமிதான். “சாமி வந்திருக்காரு” என்றால் கிறிஸ்தவரல்லாத பக்கத்து வீட்டுக்காரர் குழம்பிப் போவார். அவரிடம் ஃபாதர் என்பதே தெளிவு. கோவை மாதிரி நகரத்தில் இளைஞர்களுக்கும் அதுதான் வாயில் வருகிறது.

அழைப்பிதழில் இரண்டும் வேண்டாம். பெயருக்கு முன் ‘அருட்தந்தை’ அல்லது ‘அருட்பணி’ போடுங்கள். ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, ‘மேதகு ஆயர்’; நேரில் பெரியவர்கள் ‘ஆண்டவரே’ என்பார்கள். அந்தப் பழைய வழக்கம் இன்னும் காதில் விழுவது எனக்குச் சந்தோஷம்.

அப்புறம், திருத்தொண்டர் (டீக்கன்) இன்னும் குருப்பட்டம் பெறாதவர். அவரைப் பெயரோடு ‘திருத்தொண்டர்’ என்றே எழுதுங்கள்.