மதுவற்ற விஸ்கி: எந்தக் காக்டெய்லில் எடுபடுகிறது?

மதுவற்ற விஸ்கியை வாங்கி வந்து, அப்படியே கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் சிகாகோவின் ரிச்சுவல், ஆஸ்திரேலியாவின் லையர்ஸ் போன்ற மதுவற்ற விஸ்கி பிராண்டுகள் பெரும்பாலும் காக்டெய்லில் கலப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. ஆகவே, நெடுநாள் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து அந்தப் பயன்பாட்டை மட்டும் எழுதுகிறேன்.

விஸ்கியில் பொதுவாகக் குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால் உண்டு. மரப்பீப்பாயின் மணத்தைத் தாங்கி மூக்குக்குக் கொண்டுவருவதும், நாவில் உணரப்படும் கனமும், உள்ளே இறங்கும் சூடும் அதனால்தான். மாற்றுப் பானங்கள் பலவற்றில் அந்தச் சூட்டுக்காக மிளகாய் அல்லது இஞ்சியின் சாரத்தைச் சேர்க்கிறார்கள். விஸ்கியின் சூடு மார்பு வரை பரவும். இந்தக் காரமோ, மிளகு தூக்கலாகிவிட்ட ரசத்தைப் போலத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

புளிப்பும் இனிப்பும் சேரும் கலவைகளில் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. விஸ்கி சவர் என்ற காக்டெய்லுக்கு 60 மில்லி விஸ்கி, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு என்பது வழக்கமான அளவு. மதுவற்றதில் அதே அளவு சாறு விட்டால் எலுமிச்சைதான் மிஞ்சும் என்பதால், சாற்றை 20 மில்லியாகவும் பாகை 15 மில்லியாகவும் குறைத்துக்கொள்கிறேன். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீரில் 20 மில்லி சேர்த்து, முதலில் ஐஸ் இல்லாமலும் பிறகு ஐஸுடனும் குலுக்கினால், ஆல்கஹால் தந்திருக்க வேண்டிய கனத்தை அந்த நுரை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெய்ல் அப்படியல்ல. அதில் விஸ்கியைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் இல்லை. அசல் விஸ்கியில் ஐஸ் உருகும்போது மணம் விரியும், இங்கே நீர்த்துப்போகிறது. பைன் மரப் புகையில் உலர்த்தப்படும் சீனத்து லாப்சாங் சூச்சோங் தேயிலையை மிகக் கடுமையாக ஊறவைத்து, அந்தத் தேநீரிலேயே பாகு காய்ச்சிச் சேர்த்த பிறகுதான் துவர்ப்பும் புகைமணமும் கிடைத்தன. ஆரஞ்சுத் தோலைக் கோப்பையின் மேல் பிழிந்து எண்ணெய் தெளிப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

மருத்துவ, சமயக் காரணங்களுக்காக மதுவை அறவே தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, காக்டெய்லில் மணத்துக்காகச் சில துளிகள் விடும் கசப்புச் சாரமான பிட்டர்ஸை. அங்கோஸ்டுரா என்ற பிராண்டு பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் உள்ளது. சில துளிகளே விடுகிறோம் என்றாலும் அது மதுதான். மதுவற்றது என விற்கப்படும் புட்டிகளிலும் 0.5 சதவீதத்துக்குக் குறைவாக ஆல்கஹால் இருக்க இடமுண்டு என்பதால், அட்டையைப் படித்து வாங்குவது நல்லது. குடியை விட்டு மீள்பவர்களுக்கு, விஸ்கியை நினைவூட்டும் மணமே ஆபத்தாகலாம்.

திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அலமாரியில் விட்டுவைத்த ஒன்றில் சில வாரங்களிலேயே புளித்த வாடை வந்துவிட்டது. விலையோ நடுத்தர விஸ்கியின் விலையை நெருங்குகிறது. அதனால் இப்போது சவருக்காக மட்டும் ஒரு புட்டி வாங்கி வைக்கிறேன். ஓல்ட் ஃபேஷன்டுக்குப் புகைத்தேநீர்ப் பாகும், குளிர்ந்த கடுந்தேநீரும், ஆல்கஹால் இல்லாத பிட்டர்ஸும் போதுமானவையாக இருக்கின்றன.