மண்டபமா, மதுரையா, கோவையா, லேப்டாப்பா: மாடிஃபைடு காருக்கு எந்த டியூனர்?

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். டர்போ கிடையாது. கேம் மாற்றி, ஹெடர் போட்டு, பெரிய இன்ஜெக்டர் வைத்து, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான கம்பெனி இசியூவைக் கழற்றிவிட்டு, நாமே எண் போட்டுக்கொள்ளும் ஸ்டாண்டலோன் இசியூ மாட்டியிருக்கிறேன். அப்படி மாட்டினால், எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரியில் ஸ்பார்க் என்று ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொரு லோடுக்கும் யாராவது உட்கார்ந்து எண் போட்டாக வேண்டும். அந்த எண் அட்டவணைதான் மேப், போடுகிறவர் டியூனர். அந்த ஆளைத்தான் கீழக்கரையில் இருந்துகொண்டு தேடினேன். நான்கு வழிகளிலும் காசு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

முதலில் கோவை. ரேஸ் வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய ஊர். செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே 2003 முதல் ரேஸ் டிராக் ஓடுகிறது. திறமை அங்கே இருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு என்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, ஒரு பகல் முழுக்க வேலை பார்த்தார்கள். கிராஃப் அழகாக வந்தது. வண்டியும் மதுரை வரை தேன் மாதிரி ஓடியது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், உச்சிப்புளி தாண்டி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தபோது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கும் சத்தம் கேட்டது. நாக்கிங்: சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம்.

காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 96 கிலோபாஸ்கல், நம் கரையில் 101. டர்போ இல்லாத என்ஜின் வெளியே இருக்கும் காற்றைத்தான் இழுக்க முடியும். மேப்பில் லோடு வரிசைகள் இந்தக் காற்றழுத்தக் கணக்கில்தான் இருக்கும். கோவை டைனோவில் எவ்வளவு மிதித்தாலும் மேப்பின் 100 கிலோபாஸ்கல் வரிசைக்கு என்ஜின் போகவே போகாது. அந்த வரிசையில் யாரும் எண் போடாமல் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்ய ஏற்றிய பழைய பேஸ் மேப் எண்களே கிடந்தன. இங்கே வந்து முழுதாக மிதித்ததும் என்ஜின் நேராக அந்த வரிசையில் போய் நின்றது. வண்டி எங்கே ஓடப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேல் வரிசைகளைக் கணக்குப் போட்டே நிரப்பியிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் மற்ற வேலை அவ்வளவு சுத்தம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். போக வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கொடுக்கிற வண்டிக்கு 70 லிட்டர், 100 ரூபாய் கணக்கில் பெட்ரோலே 7,000 ரூபாய். ஒரு சின்னத் திருத்தத்துக்கும் அதே 7,000. சென்னை இன்னும் தூரம், 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஆள் நிறைய, ஆனால் திரும்பத் திரும்பப் போகிற காரியத்துக்கு ஆகாது.

இரண்டாவது, மண்டபத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் ஒரு மெக்கானிக். இசியூ, மேப் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்லவும் மாட்டார். சத்தத்தைக் கேட்டார். "தம்பி, ஆஃப் பண்ணு. பிளக்கக் கழட்டு" என்றார். கண்ணாடி லென்ஸை எடுத்து, மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை என்னிடம் காட்டினார். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், நடுவே மணல் அளவில் மின்னும் இரண்டு துகள்கள். "மின்னுதே, அது பிஸ்டன். அலுமினியம் கரைஞ்சு ஒட்டியிருக்கு. இனி மிதிக்காதே." லேப்டாப்பில் நான் ஒரு மாதம் தேடியதை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டார்.

அதோடு விடவில்லை. என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் திருகிப் பார்த்தார். முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கடற்கரையில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம் இது. எர்த் சரியில்லை என்றால் சென்சார் வோல்டேஜ் தவறும், தவறான எண்ணை வைத்து எந்தப் பெரிய டியூனர் மேப் போட்டாலும் வீண். கம்ப்ரஷன், டேப்பட் இடைவெளி, வேக்குவம் லீக் எல்லாம் பார்த்துக் கொடுத்தார். கூலி, கோவைக்கு நான் ஊற்றிய பெட்ரோல் காசில் பாதிகூட இல்லை.

மதுரையை ஒரு வரியில் முடிக்கலாம். நான் ஏறி இறங்கிய கடைகளில் கம்பெனி இசியூவோடு பேசும் ஓபிடி போர்ட்டில் கேபிள் மாட்டி ரெடிமேட் ஃபைல் ஏற்றுகிறார்கள். மாற்றம் எதுவும் செய்யாத டர்போ டீசலுக்கு அது ஒத்துவரலாம், ஸ்டாண்டலோனுக்கு உதவாது.

கடைசியில் நிலைத்தது ஆன்லைன் டியூனிங். டியூனர் அங்கே, வண்டி இங்கே. நாம் ஓட்டி, சென்சார் எண்களை லேப்டாப்பில் பதிந்து, அந்த லாக்கை அனுப்புகிறோம், இரவு திருத்திய மேப் வருகிறது, மறுநாள் மறுபடி லாக். வாங்கிய தொகை கோவையில் கொடுத்ததைவிடக் குறைவு. அதைவிட எனக்குப் பிடித்தது, பணம் வாங்கும் முன் அவர் கேட்ட கேள்விகள். ஊர் கடல் மட்டமா? மதியம் இன்டேக் காற்று எத்தனை டிகிரி? எந்த பங்க், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலா? ஈ20க்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் வெறும் பெட்ரோலின் 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5. அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு எந்த எரிபொருளானாலும் சரியான கலவையை 1 என்று வைக்கும் லாம்டா அளவில்தான் பேசினார். இந்தக் கேள்விகள் வராத டியூனருக்கு இனி நான் சாவி கொடுக்க மாட்டேன்.

குறையும் உண்டு. அவர் காதுக்கு நாக்கிங் கேட்காது, பிளக் அவர் கண்ணில் படாது. அந்த வேலையை மண்டபத்து அண்ணன்தான் செய்தார். நான் அனுப்பிய ஒவ்வொரு லாக்கோடும் அவர் பிளக்கைப் பார்த்துச் சொன்னதும் சேர்ந்து போனது. லாக் எடுப்பதும் நம் தலையில்தான் விழும். ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை நேராகக் கிடக்கிறதே என்று மூன்றாம் கியரில் இழுக்கத் தோன்றும். வேண்டாம். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடு மாடு எப்போது ஏறும் என்று தெரியாது, உப்பு லாரிகளும் வரும். இரண்டாம் கியர் லாக்கே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது, பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு இன்னொருவர் இருந்தார்.

பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கூட்டிய கார் என்றால் என் தேர்வு மாறும். அதற்கு டைனோ இல்லாமல் சாலையில் மேப் போடுவது ஆபத்து. கோவைக்கே போவேன், ஆனால் எர்த்தும் கம்ப்ரஷனும் இங்கே பார்த்து முடித்த பிறகு. இன்னொன்று: கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்டிஓ முன் நிறுத்தும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் அது குறுக்கே வரும். எந்த டியூனரும் இதை நமக்காகச் சமாளித்துத் தர முடியாது.

போன வாரம் ஏழாவது மேப் ஏற்றினேன். அண்ணன் அதே மூன்றாவது பிளக்கை லென்ஸில் வைத்து வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் வெறும் வெள்ளையாக இருந்தது. "மாட்டு" என்றார்.