தின்னர் டப்பாவில் எதை எழுதுவது: இன்ஃப்ளேமபிளா, ஃப்ளேமபிளா?

பெயின்ட் தின்னர் அடைக்கும் 20 லிட்டர் டப்பாக்களுக்குப் புதிய லேபிள் தயாரிக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். பழைய லேபிளில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதையே தொடர்வதா, 'ஹைலி ஃப்ளேமபிள்' என்று மாற்றுவதா என்ற கேள்வியில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

பொருளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டும் எளிதில் தீப்பற்றுவதையே குறிக்கின்றன. ஒன்று மற்றொன்றின் எதிர்ச்சொல் அன்று. 'விசிபிள்' என்பதற்கு 'இன்விசிபிள்' எதிர்ச்சொல்லாக இருப்பதைப் பள்ளியில் படித்த நமக்கு, ஃப்ளேமபிள் என்றால் எரியும், இன்ஃப்ளேமபிள் என்றால் எரியாது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த 'இன்' எதிர்மறை முன்னொட்டு அன்று. தீ மூட்டுதலைக் குறிக்கும் 'இன்ஃப்ளம்மாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து அந்தச் சொல் வந்தது. அங்கே 'இன்' என்பது 'உள்ளே', 'நன்றாக' என்ற பொருளில் வினைக்கு அழுத்தம் தருகிறது. உடலில் ஏற்படும் 'இன்ஃப்ளமேஷன்' இதே வேரில் பிறந்தது. நெருப்பைக் குறிக்கும் அழல் என்ற சொல்லிலிருந்து அதற்கு 'அழற்சி' என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் அந்த வேரை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்து நான் மகிழ்வதுண்டு.

மரபைப் பார்த்தால் இன்ஃப்ளேமபிளின் பக்கமே வலு அதிகம். அது 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல்; ஃப்ளேமபிள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. பிரெஞ்சு மொழியில் இன்றும் எரியும் பொருளுக்கு 'இன்ஃப்ளமாபிள்' என்பதே சொல். ஆகவே பழைய சொல் தவறு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனினும் லேபிளை இலக்கணப் பரீட்சைக்காக அச்சடிப்பதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்தான்: தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பது. பழைய ஆங்கில வாசகத்தை வெளியே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருந்தோம். அச்சுக்கு முந்தைய மாதிரித் தாள் வந்தபோது, தமிழ் வரியில் 'தீப்பற்றாத திரவம்' என்று இருந்தது. எழுத்து அழகாக இருந்தது, சந்திப்பிழைகூட இல்லை, அருகில் தீச்சுவாலைப் படமும் இருந்தது. பொருள் மட்டும் தலைகீழாகியிருந்தது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் செய்த பிழை அது. அப்படியானால் வெல்டிங் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு கிடங்கு ஓரமாக வரும் ஒருவர், அந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார் என்று எண்ணியபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஃப்ளேமபிள் என்பதை எரியாதது என்று படிப்பவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல்லே தெரியாதவர்கூட அதில் 'ஃப்ளேம்' இருப்பதைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பார். இன்ஃப்ளேமபிளைத் தவறாகப் படிப்பவரோ தின்னருக்குப் பக்கத்தில் தீப்பொறியைக் கொண்டுவருவார். மிகக் குறைந்த எந்த வெப்பநிலையில் ஒரு திரவத்தின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளுமோ அதை ஃப்ளாஷ் பாயின்ட் என்கிறோம். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. எங்கள் தின்னருக்கும் அறை வெப்பநிலையைவிடக் குறைவு. திறந்த டப்பாவின் வாயருகே எந்நேரமும் ஆவி நிற்கிறது என்பதால், சொல்லை ஒருமுறை தவறாகப் படித்தவருக்கு இரண்டாம் முறை கிடைக்காமல் போகலாம்.

சொல்லுக்கும் தீக்கும் உள்ள இந்த உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெயர் பெற்ற அவர், பிழைப்புக்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பணியில் இருந்தார். பெட்ரோல் நிரம்பிய டிரம்களின் அருகே கவனமாக நடப்பவர்கள், 'எம்ப்டி' என்று சொல்லப்படும் டிரம்களின் அருகே தயங்காமல் புகைபிடிப்பதை அவர் எழுதியிருக்கிறார். காலி டிரம்மில் நிற்கும் ஆவிதான் கூடுதல் ஆபத்து; ஆனால் சொல் அதை மறைத்துவிடுகிறது.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே ஃப்ளேமபிள் என்ற சொல்லை வற்புறுத்தத் தொடங்கியது. எளிதில் எரியும் துணிகளைப் பற்றி 1953இல் அங்கே வந்த சட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் தரநிலை நிறுவனமும் 1959இல் அதையே பரிந்துரைத்தது. வேதிப்பொருள் லேபிள்களுக்கான ஐ.நா. முறையிலும் ஃப்ளேமபிள்தான் இருப்பதால், எங்கள் பாதுகாப்புத் தகவல் தாளும் டப்பாவும் இப்போது ஒரே சொல்லைப் பேசுகின்றன. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே இன்ஃப்ளேமபிள் இருக்கிறது. டேங்கர் லாரிகளின் முதுகிலும் அதை இன்றும் பார்க்கிறோம். சட்ட வாசகத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் அந்தச் சொல்லை மாற்றக் கூடாது என்பதே என் கருத்து.

எதிர்ச்சொல் வேண்டும்போதும் ஃப்ளேமபிள்தான் கைகொடுக்கிறது. 'நான்-ஃப்ளேமபிள்' என்றால் எரியாது, அவ்வளவுதான். 'நான்-இன்ஃப்ளேமபிள்' என்று எழுதினால் படிப்பவர் இரண்டு முன்னொட்டுகளை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

பழைய சொல்லை நான் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. பதற்றமான அரசியல் சூழலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் இன்ஃப்ளேமபிள் என்றுதான் எழுதுவேன். அந்த இடத்தில் ஃப்ளேமபிள் ஒட்டாது. என் அனுபவம் பெயின்ட், தின்னர், கிடங்கு என்ற அளவில்தான். பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

தமிழ் வரிக்கும் இதே அளவுகோலை வைத்தேன். முதலில் 'தீப்பற்றக்கூடியது' என்று எழுதினேன். தின்னர் வழிந்து மை கரைந்த ஒரு பழைய டப்பாவைக் கிடங்குக்காரர் எடுத்துக் காட்டி, "சார், இதுல கூடியதுன்னு இருந்தாலும் கூடாதுன்னு இருந்தாலும் ஒண்ணாத்தான தெரியும்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. இப்போது லேபிளில் 'எளிதில் தீப்பிடிக்கும்' என்று இருக்கிறது. பழைய லேபிளோடு நிற்கும் டப்பாக்கள் மீது அவரே புதியதை ஒட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி வரிசை இன்னும் பாக்கி.